விளையும் பயிரை முளையில் அறிய முடியுமா?
இளம் ஆட்டக்காரர்களை நம்பிய ஒரு கூடைப்பந்துக் குழுவின் கதை

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதம் பிறந்தவுடன் அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்களிடையே ஒரே கேள்வி எழும். "இந்தப் பருவத்தில் நம் குழு தேறுமா?" என்பதே அது. நட்சத்திர ஆட்டக்காரர்கள் நிறைந்த குழுவைப் பற்றி ஊகம் சொல்வது எளிது. இருபது, இருபத்தொரு வயது இளைஞர்களை நம்பிக் களமிறங்கும் குழுவைப் பற்றிச் சொல்வது கடினம். விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்பார்கள். கூடைப்பந்தில் அது எந்த அளவுக்கு உண்மை?

இதற்கு விடை தேட ஓக்லஹோமா சிட்டி தண்டர் குழுவைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 2021 டிசம்பர் 2ஆம் தேதி மெம்ஃபிஸ் நகரில் அக்குழு 79க்கு 152 என்ற புள்ளிக் கணக்கில் தோற்றது. வித்தியாசம் 73 புள்ளிகள். 1946இல் தொடங்கிய என்பிஏ லீக்கின் வரலாற்றில் எந்தக் குழுவும் அதற்கு முன்னர் அவ்வளவு மோசமாகத் தோற்றதில்லை. ஆனால் மூன்றரை ஆண்டுகள் கழித்து, 2025 ஜூன் 22ஆம் தேதி, அதே குழு லீக்கின் வெற்றிக் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்தது. கில்ஜஸ்-அலெக்சாண்டர், டோர்ட், கென்ரிச் வில்லியம்ஸ், விகின்ஸ் ஆகிய நால்வர் தோற்ற பருவத்தின் குழுவிலும் இருந்தனர்; வென்ற பருவத்தின் குழுவிலும் இருந்தனர்.

இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது? அது திட்டமா, அதிர்ஷ்டமா? இவற்றைப் புரிந்துகொண்டால், எந்த இளம் குழுவையும் பருவம் தொடங்கும் முன்பே ஓரளவு எடைபோட முடியும்.

தோற்றால் பரிசு

நம் வட்டாரத்தில் இங்கிலாந்துக் காற்பந்தைப் பார்த்துப் பழகியவர்கள் அதிகம். பிரீமியர் லீக்கில் கடைசி மூன்று இடங்களில் வரும் குழுக்கள் கீழ் நிலைக்குத் தள்ளப்படும். அதனால் கடைசி ஆட்டம்வரை உயிரைக் கொடுத்து விளையாடுவார்கள். அமெரிக்கக் கூடைப்பந்தில் நிலைமை தலைகீழ். அங்கே 30 குழுக்கள். எதுவும் கீழே இறக்கப்படுவதில்லை. கடைசியாக வரும் குழுவுக்குத் தண்டனைக்குப் பதிலாக ஒரு வாய்ப்பு காத்திருக்கிறது.

கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் லீக்கில் சேர விரும்பும் இளம் ஆட்டக்காரர்களை ஆண்டுதோறும் குழுக்கள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். இதை டிராஃப்ட் என்கிறார்கள். நாம் புதுமுகத் தேர்வு எனலாம். நலிந்த குழுக்களுக்கு முன்னுரிமை உண்டு. பணக்காரக் குழுக்களே நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போகக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் எந்த விதியிலும் ஓட்டை தேடுபவர்கள் இருப்பார்கள். "எப்படியும் வெல்லப் போவதில்லை, நன்றாகவே தோற்றுவிடுவோம், அடுத்த ஆண்டு முதல் தேர்வாவது கிடைக்கும்" என்று சில குழுக்கள் கணக்குப் போடத் தொடங்கின. இதைத் தடுக்க லீக் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தது. பிளேஆஃப் சுற்றுக்குப் போகாத 14 குழுக்கள் அதில் இடம்பெறும். 1 முதல் 14 வரை எண்ணிட்ட மேசைப்பந்து விளையாட்டுப் பந்துகளை ஓர் இயந்திரத்தில் போட்டுச் சுழற்றுவார்கள். அதிலிருந்து நான்கு பந்துகள் வெளிவரும். நான்கு எண்களின் சேர்க்கைகள் மொத்தம் 1,001. ஒன்றை ஒதுக்கிவிட்டு, மற்ற ஆயிரத்தையும் குழுக்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். நலிந்த குழுவுக்கு அதிகச் சேர்க்கைகள்.

முன்பு ஆகக் கடைசிக் குழுவுக்கு முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு 25 விழுக்காடாக இருந்தது. 2019இல் விதியை மாற்றினார்கள். கடைசி மூன்று குழுக்களுக்கும் ஆளுக்கு 14 விழுக்காடு என்றானது. அதாவது, வேண்டுமென்றே ஆகக் கடைசியாக வருவதில் பெரிய லாபம் இல்லை என்று லீக் சொல்லிவிட்டது.

தோல்வி உத்தரவாதம் தருமா?

டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் குழுவைக் கேட்டால் தெரியும். 2022-23 பருவத்தில் 17 வெற்றி, 65 தோல்வி. லீக்கிலேயே மோசமான நிலை. குலுக்கலில் கிடைத்ததோ ஐந்தாவது தேர்வு. மறுபருவத்தில் வெறும் 14 வெற்றி. இடையில் தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோல்வி. மறுபடியும் ஐந்தாவது தேர்வுதான். மறுபக்கம், 2025 குலுக்கலில் வெறும் 1.8 விழுக்காடு வாய்ப்பு இருந்த டாலஸ் மாவரிக்ஸ் குழுவுக்கு முதல் தேர்வு விழுந்தது. அதைக் கொண்டு கூப்பர் ஃபிளாக் என்ற 18 வயது இளைஞரை அக்குழு அள்ளிக்கொண்டது.

ஓக்லஹோமா சிட்டியும் இந்தக் கசப்பைச் சுவைத்ததுதான். 2020-21 பருவத்தில் அதன் அனுபவ ஆட்டக்காரர் அல் ஹார்ஃபர்ட் நல்ல உடல்நிலையில் இருந்தும், மார்ச் மாதத்திற்குப் பின்னர் களமிறக்கப்படவில்லை. இளையவர்களுக்கு வாய்ப்பளிக்கவே இந்த முடிவு என்று சொல்லப்பட்டது. விளைவு என்ன? தொடர்ந்து 14 ஆட்டங்களில் தோல்வி. அந்த ஆண்டு மே மாதம் முதல் தேதி சொந்த அரங்கிலேயே இண்டியானா பேசர்ஸ் குழுவிடம் 57 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. பருவத்தின் முடிவில் 22 வெற்றி, 50 தோல்வி. இவ்வளவுக்கும் பிறகு குலுக்கலில் கிடைத்தது ஆறாவது தேர்வு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓக்லஹோமா சிட்டிக்கு வந்த நாளிலிருந்து 2025இல் கிண்ணம் வென்ற நாள்வரை தண்டர் குழுவுக்கு முதல் தேர்வு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. ஆகவே, "தோற்றுத் தோற்று வென்ற குழு" என்று அதைச் சுருக்கிச் சொல்வது முழு உண்மை ஆகாது.

ஒரு நகரம் இழந்ததும் ஒரு நகரம் பெற்றதும்

இந்தக் குழுவின் வேர் ஓக்லஹோமாவில் இல்லை. 1967இல் அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள சியாட்டல் நகரில் சூப்பர்சானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய குழு அது. 1979இல் லீக் வெற்றியாளரும் ஆனது. புதிய உரிமையாளர்கள் வாங்கிய பின், அரங்கம் தொடர்பான பிணக்கு முற்றி, 2008இல் குழு ஓக்லஹோமா சிட்டிக்கு இடம்பெயர்ந்தது. 41 ஆண்டுகள் உறவாடிய குழுவைச் சியாட்டல் மக்கள் ஒரே கோடைக்காலத்தில் இழந்தார்கள்.

ஓக்லஹோமா சிட்டிக்கோ அது கிடைத்தற்கரிய பேறு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் ஏறக்குறைய 681,000 பேர்தான் வசிக்கிறார்கள். நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற மாநகரங்களின் குழுக்களோடு இந்த ஊர் போட்டியிட வேண்டும். புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் கடற்கரையும் திரையுலகமும் உள்ள நகரங்களைத்தான் நாடுவார்கள். அப்படியானால் சிறிய ஊரின் குழுவுக்கு இருக்கும் வழி என்ன? பெரிய மரத்தை விலைக்கு வாங்க முடியாதவர் கன்றை நட்டு வளர்க்கத்தான் வேண்டும். இளம் ஆட்டக்காரர்களை நம்புவது இந்தக் குழுவுக்கு ஆசை அல்ல, கட்டாயம்.

முதல் விளைச்சல்

2007 முதல் குழுவின் பொது மேலாளராக இருப்பவர் சாம் பிரஸ்டி. அவர் பொறுப்பேற்ற ஆண்டில் குழுவுக்கு இரண்டாவது தேர்வு கிடைத்தது. முதல் தேர்வை வைத்திருந்த போர்ட்லண்ட் குழு, கிரெக் ஓடன் என்ற நெடிய இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. இரண்டாவதாக வந்தவர் கெவின் டுரன்ட்.

இந்த இருவரின் கதை, புதுமுகத் தேர்வின் நிச்சயமற்ற தன்மையைச் சொல்லும் பாடம். ஓடன் திறமை குறைந்தவர் அல்லர். ஆனால் முழங்கால் அவரைக் கைவிட்டது. முதல் பருவம் முழுவதும் அறுவைச் சிகிச்சையால் போனது. லீக்கில் அவர் ஆடிய மொத்த ஆட்டங்கள் 105 மட்டுமே. டுரன்டோ 21 வயதிலேயே லீக்கில் அதிகப் புள்ளி எடுத்தவராக வந்தார்; அந்தச் சாதனையை அவ்வளவு இளம் வயதில் யாரும் செய்ததில்லை.

2008இல் நான்காவது தேர்வாக ரஸல் வெஸ்ட்புரூக்கும், 24ஆவது தேர்வாகச் செர்ஜ் இபாக்காவும் வந்தனர். 2009இல் மூன்றாவது தேர்வாக ஜேம்ஸ் ஹார்டன் வந்தார். 2009-10 பருவம் தொடங்கும் முன்னர் இந்தக் குழுவைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அதற்கு முந்திய பருவத்தில் 82 ஆட்டங்களில் 23 வெற்றிதான். முதல் 32 ஆட்டங்களில் மூன்றே மூன்று வெற்றி. பயிற்றுவிப்பாளர் பாதியிலேயே மாற்றப்பட்டார். ஆனால் புதிய பருவம் முடிந்தபோது அதே குழு 50 ஆட்டங்களில் வென்றிருந்தது. பயிற்றுவிப்பாளர் ஸ்காட் புரூக்ஸ் ஆண்டின் சிறந்த பயிற்றுவிப்பாளர் ஆனார்.

2012இல் குழு இறுதிச் சுற்றுக்கே போய்விட்டது. மயாமி ஹீட் குழுவிடம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றபோது டுரன்டுக்கும் வெஸ்ட்புரூக்குக்கும் 23 வயது. ஹார்டனுக்கும் இபாக்காவுக்கும் 22 வயது. இன்னும் பத்தாண்டுகள் இவர்கள் காலம்தான் என்று பலரும் எண்ணினார்கள்.

நடந்தது வேறு. அதே ஆண்டு அக்டோபர் 27ஆம் தேதி, புதிய பருவம் தொடங்கச் சில நாள்களே இருக்கும்போது, ஹார்டன் ஹியூஸ்டன் குழுவுக்கு மாற்றப்பட்டார். சம்பள ஒப்பந்தத்தில் இரு தரப்புக்கும் இடையே இருந்த வித்தியாசம், குழுவின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால், பெரிய தொகை அல்ல. ஆனால் சம்பள வரம்பை மீறும் குழுக்கள் மீது விதிக்கப்படும் வரி கடுமையாகிக்கொண்டிருந்த நேரம் அது. ஹியூஸ்டன் அவருக்கு ஐந்தாண்டுகளுக்கு 80 மில்லியன் டாலர் கொடுத்தது.

2016இல் டுரன்ட் கோல்டன் ஸ்டேட் குழுவுக்குச் சென்றார். 2019இல் வெஸ்ட்புரூக்கும் விடைபெற்றார். டுரன்ட் 2014இலும், வெஸ்ட்புரூக் 2017இலும், ஹார்டன் 2018இலும் லீக்கின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார்கள். ஒரே குழுவில் முளைத்த மூன்று பேர் அந்த விருதை வென்றும், மூவரும் சேர்ந்து ஒரு கிண்ணம்கூட வெல்லவில்லை. முளை பொய் சொல்லவில்லை. வேலியும் நீரும் கடைசிவரை கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

இரண்டாவது விதைப்பு

2019 ஜூலையில் நட்சத்திர ஆட்டக்காரர் பால் ஜார்ஜ் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் குழுவுக்கு மாற விரும்பினார். பிரஸ்டி தடுக்கவில்லை. ஆனால் விலை கேட்டார். முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள் ஐந்து, தேர்வு வரிசையை மாற்றிக்கொள்ளும் உரிமைகள் இரண்டு, அனுபவ ஆட்டக்காரர் டனிலோ கலினாரி, இவர்களோடு 21 வயதை எட்டவிருந்த கனடிய இளைஞர் ஒருவர். அவர்தான் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர்.

2018 தேர்வில் அவர் 11ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர். அவருக்கு முன்னால் பத்துப் பேர் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்கள். முதல் பருவத்தில் ஓர் ஆட்டத்திற்குச் சராசரி 10.8 புள்ளி. அன்றைக்கு அவர் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆவார் என்று சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

கிளிப்பர்ஸ் கொடுத்த உரிமைகளில் ஒன்று 2022இல் 12ஆவது தேர்வாகப் பழுத்தது. அதில் வந்தவர் ஜேலன் வில்லியம்ஸ். பெரிய கூடைப்பந்துப் பல்கலைக்கழகம் எதிலும் அவர் படிக்கவில்லை. சான்டா கிளாரா என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் ஆடியவர். அதே 2022இல் குழுவின் சொந்தத் தேர்வு உரிமையில் இரண்டாவதாக வந்தவர் ஏழடி ஓரங்குலம் உயரமுள்ள செட் ஹோம்கிரன்.

மற்றவர்களின் வரலாறு இன்னும் சுவையானது. லூ டோர்ட் 2019 தேர்வில் எந்தக் குழுவாலும் எடுக்கப்படாதவர். ஆரன் விகின்ஸ் 2021இல் 55ஆவது தேர்வு. ஐசயா ஜோ வேறொரு குழு 2022இல் விடுவித்த பின்னர் வந்து சேர்ந்தவர். இவர்கள் அனைவரும் 2025 வெற்றிக் குழுவில் பயன்பட்டார்கள். பயிற்றுவிப்பாளர் மார்க் டேக்நால்ட்கூட இப்படி வந்தவர்தான். குழுவின் துணை லீக் அணியை ஐந்தாண்டுகள் பயிற்றுவித்தவர். 2020இல் 35 வயதில் தலைமைப் பொறுப்பு ஏற்றார். இரண்டாம் நிலை ஆட்டக்காரர்களை முன்னேற்றுவதே அவருடைய பழைய வேலையாக இருந்தது.

எதைப் பார்த்து எடைபோடுவது?

பருவத்திற்கு முந்திய பயிற்சி ஆட்டங்களை வைத்து முடிவு கட்டுவது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும். அவற்றில் மூத்தவர்கள் பாதி நேரம்கூட ஆடமாட்டார்கள். பயிற்றுவிப்பாளர்கள் புதியவர்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். கோடைக்கால லீக் ஆட்டங்களில் 30 புள்ளி எடுத்த இளைஞர் உண்மையான பருவத்தில் காணாமல் போவதும் உண்டு. ஆகவே, இளம் குழுவைப் பார்க்கும்போது வேறு சில அடையாளங்களைத் தேட வேண்டும்.

முதலாவது, ஆண்டுக்காண்டு வளர்ச்சி. கில்ஜஸ்-அலெக்சாண்டரின் சராசரிப் புள்ளிகளைப் பாருங்கள். 10.8, பிறகு 19.0, பிறகு 23.7, பிறகு 24.5, பிறகு 31.4. ஐந்து பருவங்களில் ஒருமுறைகூட இறங்கவில்லை. குழு 24 ஆட்டங்களே வென்ற 2021-22 பருவத்திலும் அவர் வளர்ந்துகொண்டுதான் இருந்தார். 73 புள்ளித் தோல்வி நடந்த அன்று அவர் களத்திலேயே இல்லை. குழுவின் தோல்விக் கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த ஏணி கண்ணில் பட்டிருக்காது.

இரண்டாவது, தற்காப்பு. இளம் குழுக்கள் புள்ளி எடுப்பதில் ஆர்வம் காட்டும், தற்காப்பில் கோட்டைவிடும். அது இயல்பு. ஓர் இளம் குழு தற்காப்பில் தேறத் தொடங்கினால், அங்கே ஒழுங்கு பிறந்துவிட்டது என்று பொருள். 2024-25 பருவத்தில் தண்டர் குழுவின் தற்காப்பு லீக்கிலேயே முதலிடத்தில் இருந்தது. எதிரணியின் கையிலிருந்து பந்தைப் பறிப்பதிலும் அக்குழுவே முன்னணி.

மூன்றாவது, உடல். 2022 ஆகஸ்ட் 20ஆம் தேதி சியாட்டலில் நடந்த ஒரு கோடைக்கால நட்புமுறை ஆட்டத்தில் லெப்ரான் ஜேம்ஸைத் தடுக்க முயன்றபோது ஹோம்கிரனின் வலது பாதத்தில் பலத்த காயம் ஏற்பட்டது. லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலேயே முதல் பருவத்தை முழுவதும் இழந்தார். "மெலிந்த உடல், தாங்குமா?" என்று ஏற்கெனவே ஐயப்பட்டவர்களுக்கு அது சான்றாகப் பட்டது. ஓடனின் நினைவும் பலருக்கு வந்தது.

குழு அவசரப்படுத்தவில்லை. அடுத்த பருவத்தில் ஹோம்கிரன் 82 ஆட்டங்களிலும் ஆடினார். 2024 நவம்பரில் இடுப்பெலும்பு முறிந்து மறுபடி மூன்று மாதம் வெளியே இருந்தார். திரும்பி வந்து, இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் எதிரணியின் ஐந்து எறிதல்களைத் தடுத்தார். ஜேலன் வில்லியம்ஸும் அந்த இறுதிச் சுற்றை வலது மணிக்கட்டில் தசைநார் கிழிந்த நிலையிலேயே ஆடினார். ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்தார். பருவம் முடிந்த பிறகே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். ஒரு குழுவின் எதிர்காலம் என்று நாம் எளிதாகச் சொல்வது, உண்மையில் இப்படிப்பட்ட சில இளைஞர்களின் எலும்பும் தசையும்தான்.

நான்காவது, மூத்தவர்கள். இளைஞர்கள் மட்டுமே இருக்கும் வீட்டில் விளக்கு வைக்க ஆள் இருக்காது. 2023-24 பருவத்தில் தண்டர் 57 ஆட்டங்களில் வென்று மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. அவ்வளவு இளைய குழு அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல்முறை. ஆனால் பிளேஆஃபின் இரண்டாவது சுற்றில் டாலஸ் குழுவிடம் தோற்றது. கூடையில் விழாத பந்தை எட்டிப் பிடிப்பதில் பலவீனம் வெளிப்பட்டது. அப்போது குழு என்ன செய்தது? 2021இல் ஆறாவது தேர்வாக எடுத்த ஜாஷ் கிடி என்ற ஆஸ்திரேலிய இளைஞரைச் சிகாகோ குழுவுக்குக் கொடுத்து, தற்காப்பில் கைதேர்ந்த 30 வயது அலெக்ஸ் கருசோவை வாங்கியது. பந்தைப் பிடிக்க ஐசயா ஹார்ட்டன்ஸ்டைனை மூன்றாண்டுக்கு 87 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் சேர்த்தது. மறுபருவத்தில் வெற்றி 68 ஆனது.

டெட்ராய்ட் கதையும் இதையே சொல்கிறது. 14 வெற்றியோடு சிரிப்புக்கு ஆளான அக்குழு, 2024 கோடையில் புதிய பயிற்றுவிப்பாளரையும் டோபயஸ் ஹாரிஸ் போன்ற அனுபவசாலிகளையும் சேர்த்தது. 2024-25இல் 44 ஆட்டங்களில் வென்றது. பெரும்பாலும் அதே இளைஞர்கள்தான். பக்கத்தில் நின்றவர்கள்தான் மாறினார்கள்.

ஐந்தாவது, ஒப்பந்தக் கடிகாரம். ரசிகர்கள் அதிகம் கவனிக்காதது இதுதான். முதல் சுற்றில் தேர்வு பெறும் புதுமுகத்தின் சம்பளம் லீக் வகுத்த அட்டவணைப்படி அமையும். முதல் இரண்டு ஆண்டுகள் உறுதி. மூன்றாவது, நான்காவது ஆண்டுகளில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது குழுவின் விருப்பம். அந்த நான்கு ஆண்டுகளில் ஆட்டக்காரர் எவ்வளவு சிறந்து விளங்கினாலும் சம்பளம் அட்டவணையைத் தாண்டாது. 2024-25 பருவத்தில் கில்ஜஸ்-அலெக்சாண்டரின் சம்பளம் ஏறக்குறைய 36 மில்லியன் டாலர். அவருக்கு அடுத்த நிலையில் நின்ற ஜேலன் வில்லியம்ஸுக்கோ ஏறக்குறைய 4.8 மில்லியன்தான். அந்த மலிவுக் காலத்தில்தான் மூத்தவர்களை வாங்கக் குழுவிடம் பணம் மிஞ்சும். அந்தக் காலம் முடியும்முன் வெல்ல வேண்டும். 2012இல் ஹார்டன் விஷயத்தில் ஓடிய கடிகாரம் அதுவே.

கிண்ணத்திற்குப் பிறகு

2024-25 பருவத்தில் தண்டர் எதிரணிகளைச் சராசரியாக ஏறக்குறைய 13 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. லீக் வரலாற்றில் அதுவே ஆக அதிகம். இறுதிச் சுற்றில் எதிரே நின்றது, நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் சொந்த அரங்கில் 57 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்த அதே இண்டியானா பேசர்ஸ். ஏழாவது ஆட்டம்வரை இழுபட்டு, 103க்கு 91 என்ற கணக்கில் கிண்ணம் ஓக்லஹோமா சிட்டிக்கு வந்தது. கில்ஜஸ்-அலெக்சாண்டர் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர், அதிகப் புள்ளி எடுத்தவர், இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் ஆகிய மூன்று பெருமைகளையும் ஒரே பருவத்தில் பெற்றார். 1977இல் வென்ற போர்ட்லண்ட் குழுவுக்குப் பிறகு கிண்ணம் வென்ற ஆக இளைய குழு இதுவே.

ஆனால் இளமைக்கு ஒரு விலை உண்டு. வென்ற மறுமாதமே, 2025 ஜூலையில், கில்ஜஸ்-அலெக்சாண்டருடன் நான்காண்டுக்கு 285 மில்லியன் டாலர், வில்லியம்ஸுடன் ஐந்தாண்டுக்கு அதிகபட்சம் 287 மில்லியன், ஹோம்கிரனுடன் ஐந்தாண்டுக்கு அதிகபட்சம் 250 மில்லியன் என்று குழு நீட்டிப்பு ஒப்பந்தங்கள் செய்தது. மூன்றையும் கூட்டினால் 800 மில்லியனைத் தாண்டுகிறது. 2023இல் வகுத்த ஒப்பந்த விதிகளின்படி சம்பளச் செலவு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டும் குழுக்களுக்கு வரி மட்டுமன்று, ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதிலும் தேர்வு உரிமைகளைப் பயன்படுத்துவதிலும் கட்டுப்பாடு உண்டு. மூவரையும் வைத்துக்கொள்ள வேண்டுமானால் அருகில் இருக்கும் மற்றவர்களை ஒவ்வொருவராக இழக்க நேரிடலாம். 2012இல் மூவரில் ஒருவரை விட்டுக்கொடுத்த அதே மேலாளர், இம்முறை மூவருக்கும் முன்கூட்டியே கையெழுத்திட்டிருக்கிறார். பழைய பாடம் மறக்கப்படவில்லை என்று இதைக் கொள்ளலாம்.

இந்தக் கதையைக் கேட்டு, "எல்லாரும் மூன்று ஆண்டுகள் தோற்றால் போதும்" என்று முடிவு கட்டுவது ஆபத்து. ஓக்லஹோமா சிட்டியில் தோற்ற ஆண்டுகளிலும் நுழைவுச்சீட்டு வாங்கிய குடும்பங்கள் இருந்தன.  ஓர் அனுபவசாலியை நலமாக இருக்கும்போதே பெஞ்சில் உட்கார வைப்பது விளையாட்டு அறத்துக்கு ஏற்றதா என்ற கேள்விக்கு, கிண்ணம் கிடைத்துவிட்டது என்பது விடையாகாது. தோற்றும் ஒன்றும் கிடைக்காத குழுக்கள் அதைவிட அதிகம்.

ஆகவே, புதிய பருவம் தொடங்கும் முன்னர் இளம் குழு ஒன்றைப் பார்க்கும் ரசிகர் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. போன ஆண்டைவிட இந்த ஆட்டக்காரர் எதில் தேறியிருக்கிறார்? தோற்கும் ஆட்டங்களிலும் தற்காப்பு நிற்கிறதா? காயம்பட்டவருக்கு ஆற நேரம் கொடுக்கிறார்களா? பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க மூத்தவர் இருக்கிறாரா? ஒப்பந்தம் முடிய இன்னும் எத்தனை ஆண்டு? இவற்றுக்கு நல்ல விடை இருந்தால், வெற்றிப் பட்டியலில் குழு எங்கே இருந்தாலும் பொறுத்திருக்கலாம். விடை இல்லையென்றால், முதல் தேர்வே கிடைத்தாலும் பயனில்லை.

முளையைப் பார்த்து விளைச்சலை ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் 11ஆவதாக எடுக்கப்பட்டவர் முதல்வராவதும், முதலாவதாக எடுக்கப்பட்டவர் 105 ஆட்டங்களோடு நின்றுபோவதும் இந்த விளையாட்டில் நடந்திருக்கிறது. தேர்ந்தெடுக்கும் நாளோடு குழுவின் வேலை முடிந்துவிடுவதில்லை. அன்றுதான் அது தொடங்குகிறது.